மச்சுப் பலகை

பூச்சு என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே, ஒன்றனை மற்றொன்றனால் மறைத்தல் என்னும் பொருளே பெரும்பாலோர் உள்ளத்தில் எழும். சுவரின் விரிசலைச் சுண்ணாம்பு மறைக்கின்றது. கதவின் ஒட்டுவேலையை நிறச்சாயம் மறைக்கின்றது. ஆயினும், மறையாது காக்கும் பூச்சு ஒன்றும் உலகில் உண்டு. அது நிறமின்றித் தெளிந்து, தன் கீழுள்ளதை உள்ளவாறே காட்டி, நீரும் அழுக்கும் அதனை அணுகாவண்ணம் தடுத்து நிற்பது. சென்ற கோடை விடுமுறையில் அத்தகைய பூச்சினை எம் பாட்டனார் இல்லத்து மச்சின் பலகைத் தளத்திற்கு இடும் பணி எமக்கு வாய்த்தது. அப்பணியில் யாம் கற்றதையும், கற்பதற்கு முன்னே தவறியதையும் ஒளியாது ஈண்டு எழுதப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணவர் பலகையைப் பற்றி எழுதுவதோ என நகைப்பவர் நகைக்க. நூலிற் கற்காத பாடம் ஒன்றனைப் பலகையிற் கற்றோம் ஆதலின் எழுதாதிருத்தல் கூடவில்லை.

எம் பாட்டனார் ஊர் ஒட்டப்பிடாரம் வட்டத்தில், பாஞ்சாலங்குறிச்சிக்கு அணித்தே உள்ளதொரு சிற்றூர். கோவில்பட்டி தொடங்கிக் கடலோரம் நோக்கி விரிந்து கிடக்கும் கரிசற் பரப்பில் அதுவும் ஒரு துளி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்தால் மண் களியாகிக் காலைப் பற்றி இழுக்கும். பங்குனி பிறந்துவிட்டால் அம்மண்ணே கை நுழையும் அளவு வாய் பிளந்து கிடக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் அந்நிலத்தில் பெருமரம் காண்டல் அரிது. வேம்பு உண்டு, பனை உண்டு, உடைமரம் உண்டு, இக்காலத்தில் எங்கும் சீமைக் கருவேல் உண்டு. இவற்றுள் வீட்டிற்கு உத்திரமாவது பனை. அடுப்பிற்கு விறகாவது கருவேல். வீட்டின் தரையோ பண்டு மண்ணும் சாணமுமாய் இருந்து, இன்று சிமெண்டும் ஓடுமாய் மாறியுள்ளது. மரத்தால் தளமிட்ட வீடு எம்மூரில் ஒன்றே ஒன்றுதான். அஃது எம் பாட்டனாரது இல்லம்.

அவ்வீட்டின் மேலறையை மச்சு என்பர். எம் பாட்டனாரின் தந்தையார் ஓர் உபதேசியார். எங்கோ ஒரு பழைய பங்களாவைப் பிரித்தபொழுது ஏலத்தில் வந்த தேக்கம் பலகைகளை அவர் தம் இரண்டு ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்து வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி வந்து, மச்சிற்குத் தளமாக அடித்தார் என்பது எம் குடும்பத்தில் வழங்கும் செய்தி. பலகைகள் 22. அவற்றின்மேல் எண்ணெயோ மெருகோ எந்நாளும் பட்டதில்லை. பருத்தி எடுக்குங் காலத்தில் தாட்டுகள் அங்கே அடுக்கப்படும். மற்றைக் காலத்தில் அஃது எம் ஆச்சியின் செப அறை.

ஆச்சி நாள்தோறும் விடியலிலும் இரவிலும் மச்சேறி, கிழக்குச் சாளரத்தின் அடியில் முழந்தாளிட்டுச் செபிப்பார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வழக்கம் தவறவில்லை. அதனால் அங்குள்ள பலகை ஒன்றில் இரண்டு இடங்கள் சற்றே தேய்ந்து, கூழாங்கல் போல் வழுவழுப்பாய் ஒளிர்கின்றன. சிறுவராய் இருந்த காலத்தில் யாம் அக்குழிகளில் எம் முழங்கால்களை வைத்துப் பார்த்து, பொருந்தாமை கண்டு சிரித்ததுண்டு. முந்தைய ஆண்டு மார்கழியில் ஆச்சி ஆண்டவரிடம் சென்றார். அன்று முதல் எம் பாட்டனார் அவ்விடத்தில் தினந்தோறும் அமரத் தொடங்கினார். அவரால் முழந்தாளிட இயலாது. வெறுங்காலுடன் மெல்ல நடந்து சென்று, சாளரத்தருகே நாற்காலியில் அமர்ந்து, பாதங்களை அத்தேய்ந்த இடங்களின்மேல் வைத்துக்கொள்வார்.

இங்ஙனமிருக்க, சென்ற மாசி மாதத்தில் பலகையின் சிராய் ஒன்று பாட்டனாரின் உள்ளங்காலில் ஏறியது. அவர் நெடுநாள் நீரிழிவு நோயினர். அந்நோய் முதிர்ந்தவரின் பாதத்தில் உணர்ச்சி மழுங்கிவிடும். முள் தைத்தாலும் தெரியாது. தைத்த புண்ணும் எளிதில் ஆறாது. நான்கு நாள் கழித்து விரிப்பிற் கறை கண்ட பின்னரே புண் இருப்பது வீட்டாருக்குப் புலனாயிற்று. ஒரு திங்கள் மருத்துவமனையில் இருந்தார். ஒரு விரலோடு போயிற்று. இன்னும் சில நாள் தாழ்த்திருந்தால் பாதமே போயிருக்கும் என்று மருத்துவர் எச்சரித்து அனுப்பினார்.

எம் தந்தையார் கடிந்து ஒரு முடிவு செய்தார். மச்சுத் தளத்தின்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டிவிட வேண்டும். அன்றேல் மச்சினைப் பூட்டிவிட வேண்டும். பாட்டனார் சினந்து பேசும் இயல்பினர் அல்லர். முப்பத்தாறு ஆண்டு பள்ளி ஆசிரியராய் இருந்தும் பிரம்பு எடுத்ததில்லை என்று ஊரார் சொல்லுவர். அவர் தந்தையாரிடம் ஒன்றும் மறுத்துக் கூறவில்லை. விடுமுறைக்கு யாம் வந்த அன்று மாலை எம்மை அருகில் அழைத்து, “ஐயா, அந்தப் பலகையை மூடிவிட்டால் உன் ஆச்சியை இரண்டாந்தரம் அடக்கம் பண்ணினதாக எனக்குத் தோன்றும். மூடாமல் ஏதாவது செய்ய முடியுமா என்று பார்” என்றார்.

அச்சொல் எம்மை உறங்கவொட்டாமற் செய்தது. தந்தையாரிடம் மூன்று வாரத் தவணை வேண்டிப் பெற்றோம். சிராய் எழாதபடி பலகையை வழுவழுப்பாக்கி, அவ்வழுவழுப்பு நிலைக்கும்படி தெளிந்த பூச்சிட்டால், மூடாமலே காக்கலாம் என்று எண்ணினோம். எண்ணம் சரியே, ஆனால் அதனைச் செய்து முடிக்கும் வகை தெரியாது. தெரியாதவர்க்கு உரிய பேரூக்கம் மட்டும் எம்மிடம் மிகுந்திருந்தது.

வீட்டில் விளக்கெண்ணெய் ஒரு குடம் இருந்தது. எம் புன்செய் வரப்பில் விளைந்த ஆமணக்கு முத்தில் ஆட்டிய எண்ணெய். எண்ணெய் இட்டால் மரம் பளபளக்கும் என்பது எல்லாரும் அறிந்ததன்றோ? ஆதலின், யாரையும் கேளாது, சாளரத்தின் பக்கத்துப் பலகைகள் மூன்றனுக்கு அவ்வெண்ணெயைத் துணியில் தோய்த்துத் தாராளமாகத் தேய்த்தோம். ஆச்சியின் பலகைக்கு அடுத்தன அவை. பலகை உடனே பொன்னிறம் கொண்டு விளங்கியது. அன்றிரவு எம் வெற்றியை எண்ணி மகிழ்ந்து துயின்றோம்.

மறுநாள் காலையிற் சென்று பார்த்தபொழுது எண்ணெய் உலரவில்லை. மூன்றாம் நாளும் உலரவில்லை. ஐந்தாம் நாள் ஒரு சுழற்காற்று வந்தது. கரிசல் தூசி சாளரத்தின் வழியே புகுந்து பலகையின்மேல் படிந்து, பிசினில் ஒட்டிய எறும்பு போல் ஒட்டிக்கொண்டது. துடைத்தோம், கறுப்புக் குழம்பாயிற்று. மீண்டும் துடைத்தோம், குழம்பு மர இழைக்குள் ஏறியது. பொன்னிறமாய் விளங்கிய பலகைகள் மூன்றும் உழவு மாட்டின் குளம்பு போல் ஆயின. தவணையில் ஒரு வாரமும் கழிந்தது.

அந்நாளில் நாணத்தோடு அச்சாளரத்தருகே நின்று வெளியே நோக்கியபோது, வரப்பிலிருந்த ஆமணக்குச் செடிகளும் அவற்றிற்கு அப்பால் பாஞ்சாலங்குறிச்சி செல்லும் பாதையும் கண்ணிற் பட்டன. அவ்வூர்க் கதையை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். 1799ஆம் ஆண்டு செப்டம்பரில் பானர்மன் என்னும் தளபதி அக்கோட்டையைத் தாக்கினான்; கட்டபொம்மர் அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பிவந்து, இடிந்த கோட்டையைச் சில நாட்களுள் மீண்டும் மண்ணால் எழுப்பினார். அவ்வாண்டு மே மாதத்தில் அக்னியூ என்பவனின் படை அதனைக் கைப்பற்றியது. பின்னர்க் கோட்டையைத் தரைமட்டமாக்கி, அவ்விடத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்பர். அங்கே ஒரு கோட்டை இருந்தது என்பதே தெரியாதபடி மறைத்துவிடுவது அவர்தம் கருத்து. அக்கருத்து நிறைவேறவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா. எம்மூர்ச் சிறுவர் ஒவ்வொருவரும் அவ்வூர்ப் பெயரைச் சொல்லியே வளர்கின்றனர். மறைக்க விதைத்த ஆமணக்கை எண்ணி, எம் ஆமணக்கெண்ணெயையும் எண்ணி, யாமும் ஆச்சியின் தளத்தை மறைத்தவராய் ஆயினோமோ என்று கலங்கினோம்.

கலங்கியவராய்ப் பாட்டனாரிடம் சென்று உண்மையைச் சொன்னோம். அவர் வைது பேசவில்லை. “தெரியாததைக் கேட்டுச் செய்வதற்குத்தானே படிப்பு?” என்று மட்டும் கூறி, அயலூரிலுள்ள முதிய தச்சர் ஒருவருக்கு ஆள் விடுத்தார். அவர் பாட்டனாரிடம் பயின்ற மாணவர். பெருமரங்களை இழைத்துப் பழகிய கையினர். வந்து தளத்தை நோக்கினார். குனிந்து எண்ணெய்ப் பலகையை விரலால் தொட்டு முகர்ந்தார். எம்மை நிமிர்ந்து நோக்கினார்.

“தம்பி, இது விளக்கெண்ணெய் அல்லவா? பத்து வருசம் கிடந்தாலும் இது காயாதே!”

“எண்ணெய் எல்லாம் ஒன்றென்று எண்ணிவிட்டோம், ஆசாரியாரே” என்றோம்.

அன்று அவர் சொல்லக் கேட்டதும், பின்னர் யாம் கல்லூரி நூலகத்தில் தேடிப் படித்தறிந்ததும் இதுவாகும். எண்ணெய்களுள் உலர்வனவும் உலராதனவும் என இரு வகை உண்டு. ஆளிவிதையினின்றும் எடுக்கும் லின்சீட் எண்ணெய் உலர்வது. உலர்தல் என்றால் நீர் ஆவியாய்ப் போதல் போல் அன்று. அவ்வெண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு, தன் நுண்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கட்டியான மெல்லிய படலமாக மாறுகின்றது. விளக்கெண்ணெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் அவ்வியல்பு இல்லை. அவை என்றும் ஈரமாகவே இருக்கும். வியப்பு யாதெனில், விளக்கெண்ணெயைத் தக்க மருந்தோடு கடுஞ்சூட்டிற் காய்ச்சி அதன் கூறாகிய நீரை நீக்கிவிட்டால் அதுவும் உலரும் எண்ணெயாகி வார்னிசுத் தொழிலுக்கு உதவுகின்றது. எம் வரப்பு ஆமணக்கிலும் அவ்வாற்றல் ஒளிந்தே உள்ளது. ஆனால் அதனை வெளிக்கொணர்வது வீட்டடுப்பின் வேலையன்று.

“இப்பொழுது போட்டதை எடுப்பது எப்படி?” என்றோம்.

தச்சர் சீமைச் சுண்ணாம்பைத் தூளாக்கி அப்பலகைகளின்மேல் விரல் கனத்திற்குப் பரப்பி ஓரிரவு விட்டார். தூள் எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாயிற்று. அதனைக் கூட்டித் தள்ளிவிட்டு, மெருகிடுவோர் கைக்கொள்ளும் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைத்தார். மற்றை எண்ணெய்கள் பெரும்பாலும் ஸ்பிரிட்டிற் கரைவதில்லை. விளக்கெண்ணெய் மட்டும் நன்கு கரையும். இதனை மும்முறை செய்த பின்னரே பலகையின் நிறம் மீண்டது. “இழைக்குள் இறங்கினது முழுதும் வராது, தம்பி. கொஞ்சம் உள்ளே கிடக்கத்தான் செய்யும்” என்று அவர் சொல்லி வைத்தார்.

அதன் பின் இழைப்பு வேலை தொடங்கிற்று. முதலில் ஆணித் தலைகள் யாவற்றையும் மரத்திற்குள் தாழ்த்தினார். பின்பு உப்புத்தாள். 80 எண் தாளில் தொடங்கி, 120 எண்ணுக்கும், இறுதியில் 180 எண்ணுக்கும் சென்றோம். எண் ஏற ஏறத் தாள் நொய்தாகும். இழை ஓடும் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல், தெளிந்த பூச்சின் கீழ் நூறு மடங்கு புலப்படும். சாயம் பூசுவதாயின் இக்கவலை இல்லை. சாயம் எல்லாவற்றையும் மன்னித்துவிடும். “தெளிந்த வார்னிசு கண்ணாடி மாதிரி. கீழே அழுக்கு இருந்தால் அழுக்கைத்தான் காலமெல்லாம் காப்பாற்றும்” என்றார் தச்சர். பதினெட்டு நாள் உழைப்பில் பதின்மூன்று நாள் பூச்சு இடுவதற்கு முன்னே கழிந்தது என்றால் நம்புவார் சிலரே. எம் தவணையும் ஒரு வாரம் மீறியது. தந்தையார் அதனைக் கண்டும் காணாதவர் போல் இருந்தார்.

பலகைகளுக்கு இடையேயுள்ள இடுக்குகளை மரத்தூளும் பசையும் கொண்டு அடைத்துவிடலாமே என்று யாம் கூறினோம். அவர் சாளரத்தின் வழியே வெடித்துக் கிடந்த கரிசலைச் சுட்டினார். “அந்த வெடிப்பை இப்பொழுது அடைத்தால் ஐப்பசியில் மண் எங்கே போகும்? மரமும் அப்படித்தான்” என்றார். மரம் ஈரக்காற்றை உட்கொண்டு அகலத்திற் பருக்கும். வறண்ட காற்றிற் சுருங்கும். நீளத்தில் அம்மாற்றம் மிகச் சிறிது, அகலத்திலோ பெரிது. கோடையிற் காணும் இடுக்கினை முழுதும் அடைத்தால், மழைக்காலத்தில் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி மேலெழும்பிவிடும். கரிசற் காட்டில் பிறந்த எமக்கு இவ்வுண்மையைக் கற்பிக்கக் கரிசல் மண்ணே போதுமாயிருந்தும், அதுவரை யாம் அதனிடம் கற்றிலோம்.

ஆச்சியின் பலகையை அணுகியபோது யாம் ஒரு தயக்கம் கொண்டோம். மற்றைப் பலகைகள் சமமாகிவிட, அதில் மட்டும் குழிகள் இருத்தல் குறையாகாதோ? அங்கும் அழுந்தத் தேய்த்துச் சமமாக்குவதே முறை என்று தாளை எடுத்தோம். தச்சர் எம் கையைப் பற்றினார். குழிகளை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். “இது யார் இழைத்தது?” என்று கேட்டார். சொன்னோம். அவர் எம் சமயத்தினர் அல்லர், ஆயினும் சிறிது நேரம் பேசாதிருந்து, “முழங்கால் இழைத்ததை நான் இழைக்க மாட்டேன், தம்பி. இங்கே சிராய் வராது” என்றார். அவ்விடத்தைத் துணியால் துடைத்ததன்றி வேறொன்றும் செய்யவில்லை.

பூச்சு எதுவாயிருத்தல் வேண்டும் என்பது அடுத்த ஆராய்ச்சி. அரக்கு மெருகு பழமையானது. நம் நாட்டிற்கும் உரியது. ஜார்க்கண்டு முதலிய பகுதிகளில் மரக்கொம்புகளிற் கூடும் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கினை உருக்கிச் செதிலாக்கி, ஸ்பிரிட்டிற் கரைத்துப் பூசுவர். பாண்டவர்க்கு அமைத்த அரக்கு மாளிகையை அறிந்தோர்க்கு அரக்கு புதிதன்று. நாற்காலிக்கும் பெட்டிக்கும் அதனினும் அழகிய மெருகில்லை. ஆனால் சுடுநீர்ப் பாத்திரம் வைத்தால் அதில் வெண்கறை படியும்; நடக்கும் தளத்திற்கு அது தாங்காது. லின்சீட் எண்ணெய் மட்டுமெனில் மர நிறம் சிறக்கும். ஆயின் படலம் மென்மையானது. ஆதலின், டர்பன்டைன் கலந்து நீர்த்த லின்சீட் எண்ணெயை ஒரு முறை ஊட்டி, அது முற்ற உலர்ந்த பின், பாலியூரித்தேன் என்னும் வார்னிசை மூன்று முறை மெல்லியதாய் இடுவதென்று முடிவாயிற்று. அதிலும் பளபளக்கும் வகை வேண்டா. ஒளி மங்கிய வகையே வேண்டும் என்றார் தச்சர். பளபளப்பு கிழவர் கண்ணைக் கூசச் செய்யும், காலையும் வழுக்கும்.

சாலொமோன் எருசலேமில் கட்டிய ஆலயத்தின் தளத்திற்கு மரப்பலகை பாவி, அதன்மேல் பொன் தகடு வேய்ந்தான் என்று வேதாகமம் கூறுகின்றது. அரசர்க்கு அது தக்கதே. பொன் வேய்ந்த பின் பலகையை எவர் கண்டார்? எம் பாட்டனார்க்கோ பலகையே வேண்டும்.

எண்ணெய் ஊட்டிய நாளில் நிகழ்ந்ததை இன்றும் நடுக்கமின்றி நினைக்க இயலவில்லை. எண்ணெயைத் தடவிக் கால் மணி நேரம் பொறுத்து, மரம் ஏற்காத மிகுதியைப் பழைய வேட்டித் துணிகளால் துடைத்தெடுத்தோம். தச்சர் உண்ணச் செல்லுமுன், “துணிகளை முற்றத்தில் ஒவ்வொன்றாய் விரித்துப் போடு” என்று சொல்லிச் சென்றார். இஃதொரு சிறு செய்தி. உண்ட பின் செய்வோம் என்று எண்ணி, துணிகளையெல்லாம் ஒரு பனைநார்ப் பெட்டியில் திணித்து, மச்சின் பக்கத்துச் சிற்றறையில் வைத்துவிட்டோம். அச்சிற்றறையில் அவ்வாண்டுப் பருத்தித் தாட்டு இரண்டு இருந்தன.

உணவுக்குப் பின் கீழே படுத்திருந்த பாட்டனார், “ஐயா, எங்கோ எண்ணெய் காய்கிற வாடை வருகிறதே, அடுப்பில் என்ன இருக்கிறது?” என்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை. அவர் குரலைக் கேட்டு, அப்பொழுதுதான் திரும்பி வந்த தச்சர் எம் முகத்தை நோக்கினார். ஒரு சொல்லும் சொல்லாது படியேறி ஓடினார். யாமும் ஓடினோம். பெட்டியின் வாயிலிருந்து மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது. பெட்டிக்கும் பருத்திக்கும் இடையே இரண்டு முழம் இருக்கலாம். தச்சர் பெட்டியைத் தூக்கிச் சாளரத்தின் வழியே முற்றத்தில் எறிந்தார். யாம் இறங்கி ஓடித் தொட்டியிலிருந்த நீரை மொண்டு ஊற்றினோம். விரித்துப் பார்த்தபொழுது நடுவிலிருந்த துணிகள் கருகிப் பழுப்பேறியிருந்தன.

தீக்குச்சி உரசியவர் எவருமிலர். அவ்வெண்ணெயே தீயை ஈன்றது. உலரும் எண்ணெய் பிராணவாயுவை உட்கொள்ளும்பொழுது வெப்பம் பிறக்கின்றது. விரித்த துணியில் அவ்வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டித் திணித்த துணியிலோ வெளியேற வழியின்றி ஒன்றின்மேல் ஒன்றாய்ச் சேர்ந்து, இறுதியில் பற்றி எரியும். தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர் போன கோவில்பட்டி வட்டாரத்தில் பிறந்தும் தீயின் இவ்வகைப் பிறப்பை யாம் அறிந்திலோம். நடக்க இயலாத முதியவர் கீழே படுத்திருக்க, மேலே பருத்தி தீப்பற்றியிருந்தால் யாது விளைந்திருக்கும் என்பதை எழுதக் கை எழவில்லை. இதனைப் படிக்கும் நண்பர் எவரேனும் தம் வீட்டுக் கதவிற்கோ மேசைக்கோ லின்சீட் எண்ணெய் இட நேர்ந்தால், துடைத்த துணியை வெளியில் விரித்து உலர்த்துக, அன்றேல் நீரில் அமிழ்த்தி வைக்க. எம் கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நில்லாதொழியினும் இஃதொன்று நிற்குமாயின் போதும்.

அன்று மாலை தந்தையார் வந்ததும் நிகழ்ந்தது அனைத்தையும் யாமே சொன்னோம். மச்சினைப் பூட்டிவிடுவார் என்றே எதிர்பார்த்தோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு தாட்டுகளைத் தாமே தூக்கிக் கீழறையில் வைத்தார். மறுநாள் காலையில், “தூரிகை இன்னொன்று இருக்கிறதா?” என்று கேட்டுக்கொண்டு மச்சேறி வந்தார்.

எண்ணெய் உலர ஐந்து நாள் விட்டோம். வைகாசி பிறந்து மேல்காற்று வலுக்குமுன் பூச்சினை முடித்தல் வேண்டும். தூசி ஒன்று விழுந்தாலும் அது வார்னிசினுள் அகப்பட்டு என்றைக்கும் அங்கேயே இருக்கும். மேற்குச் சாளரத்தை நனைத்த சாக்கினால் மறைத்து, கிழக்கே மட்டும் காற்றுக்கு வழி விட்டோம். பூச்சின் வாடை முதியவர்க்கு ஆகாது என்று பாட்டனாரை அவ்வாரம் அத்தை வீட்டிற்கு அனுப்பினோம். முதற்பூச்சு, ஒரு நாள் பொறுத்து நொய்ய தாளால் மெல்ல உராய்ந்து துடைத்தல், இரண்டாம் பூச்சு, மீண்டும் அவ்வாறே, மூன்றாம் பூச்சு. உள்மூலையில் தொடங்கி வாயிலை நோக்கிப் பின்வாங்கி வர வேண்டும். தந்தையாரும் யாமும் பக்கத்திற் பக்கமாய்த் தவழ்ந்து பின்வாங்கினோம். அவரோடு அத்தனை நேரம் யாம் பேசியது எம் நினைவறிந்து அதுவே முதன்முறை. ஆச்சியின் பலகை வந்தபோது தூரிகையை அவர் எம்மிடம் தரவில்லை. தாமே அக்குழிகளின்மேல் மெல்ல ஓட்டினார்.

பூச்சு முற்ற இறுகும் மட்டும் பத்து நாள் காத்திருந்து, பின்னரே பாட்டனாரை மச்சேற்றினோம். அவர் வாயிலில் நின்று நோக்கினார். தேக்கின் இழைகள் ஆற்று மணலின் வரிகள் போல் விளங்கின. பழைய ஆணிகளின் கறுத்த வட்டங்கள், தாட்டுகளை இழுத்த தடங்கள், எவ்வாண்டோ சாய்ந்த விளக்கின் கறை, ஆச்சியின் முழங்காற் குழிகள் ஆகிய அனைத்தும் இருந்த இடத்தில் இருந்தவாறே தெரிந்தன. கூடவே சாளரத்தின் பக்கத்தில் உள்ளங்கை அளவில் மங்கலானதோர் இடமும் தெரிந்தது. அது யாம் விளக்கெண்ணெய் தேய்த்த இடம். உள்ளிறங்கிய எண்ணெய் முழுதும் வாராமையால் வார்னிசு அங்கே நன்கு பற்றவில்லை.

அவ்விடத்தைச் சுரண்டி மீண்டும் செப்பம் செய்வதாய்ச் சொன்னோம். பாட்டனார் தலையசைத்து மறுத்தார். “இருக்கட்டும் ஐயா. உன் ஆச்சி செய்தது தெரிகிறது, நீ செய்ததும் தெரியட்டும்” என்றார். பிறகு நாற்காலியில் அமர்ந்து, மெல்லப் பாதங்களை எடுத்து அக்குழிகளின்மேல் வைத்தார்.

மெருகிட்ட தளமாயினும் நோயாளியின் பாதத்திற்கு நாள்தோறும் காவல் வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. செபம் செய்யுமிடத்தில் செருப்பணிய பாட்டனார் உடன்படவில்லை. ஆதலின் தந்தையார் ஒரு வழக்கத்தை மேற்கொண்டார். இரவுதோறும் உணவுக்குப் பின் தம் தந்தையாரின் பாதங்களை வெந்நீரன்றி வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்கின் ஈரம் போகத் துடைத்து, விளக்கை அருகில் வைத்து உள்ளங்கால் முழுவதையும் பார்க்கின்றார். சீடர்களின் கால்களைக் கழுவிய ஆண்டவரின் வரலாற்றைப் பலமுறை ஆலயத்திற் கேட்டிருக்கின்றோம். அதனைக் கண்ணாற் கண்டது எம் வீட்டு முற்றத்திலேதான்.

கல்லூரிக்குத் திரும்பும் நாளில் பேருந்து பாஞ்சாலங்குறிச்சி வழியே வந்தது. 1974ஆம் ஆண்டு தமிழக அரசு எழுப்பிய நினைவுக்கோட்டை வெயிலில் நின்றது. அதன் அருகே பழைய கோட்டை இருந்த மண் கிடந்தது. அதன்மேல் ஏர் ஓட்டியவரும் மறைந்தனர். விதைத்த ஆமணக்கும் மறைந்தது. அவர் மறைக்க நினைத்தது மட்டும் மறையவில்லை. மறைப்பது ஒன்று, காப்பது மற்றொன்று என்பதை அங்கே எண்ணிக்கொண்டோம். காக்க விரும்புவோர் முதலிற் செய்ய வேண்டுவது துடைத்தல். துடைத்த பின்னும் எஞ்சி நிற்கும் கறையை ஒப்புக்கொள்ளுதல். அதன் பின்னரே பூச்சு. பலகைக்கு மட்டுமன்றி, மாணவராகிய நம் வாழ்விற்கும் அம்முறை பொருந்துமாயின் நன்று. அடுத்த விடுமுறையில் மச்சேறும்பொழுது எம் கண் முதலில் எம் கறையின் மேலேயே விழும். அஃது அவ்வாறே விழுக.